சாவி கைமாறினால் வண்டி கைமாறுமா?

டில்லியில் மே மாதம் பிறந்துவிட்டால் நம் சங்கத்து நண்பர்களிடையே ஒரு தனிச் சந்தை கூடிவிடுகிறது. படிப்பை முடித்து ஊருக்குப் புறப்படுவோர் விற்கிறார்கள். ஜூலையில் புதிதாக வந்து சேருவோர் வாங்குகிறார்கள். கூலர், மேசை விளக்கு, பிரஷர் குக்கர், ஸ்கூட்டர் எல்லாம் கைமாறுகின்றன. குக்கரைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ரப்பர் வளையத்தைப் பார்த்து வாங்கினால் போதும். ஸ்கூட்டர் அப்படியன்று. அதை வாங்கியதில் நான் செய்த பிழையை எழுதினால் இவ்வாண்டு சந்தைக்கு வருவோருக்குப் பயன்படும் என்று நண்பர்கள் வற்புறுத்தியதால் எழுதுகிறேன்.

2024 ஜூலையில், ஆராய்ச்சிப் பட்டம் முடித்து ஜெர்மனிக்குப் புறப்பட்ட அண்ணன் ஒருவரிடம் முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். 2019 நவம்பரில் அவர் புதிதாக வாங்கிய வண்டி. நான்கு ஆண்டுகள் அதன் பின்னிருக்கையில் நம் நண்பர்கள் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். அதன் குணதோஷம் எல்லோருக்கும் தெரியும். பணத்தை அனுப்பினேன். அவர் சாவியையும், பதிவுச் சான்றையும், கையெழுத்திட்ட இரண்டு படிவங்களையும் கொடுத்து, "நேரம் கிடைக்கும்போது பேரை மாத்திக்கோ தம்பி" என்றார். எனக்கு நேரம் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நான் அதைத் தேடவில்லை.

அண்ணன் தம் கைப்பேசி எண்ணை நாகர்கோவிலில் தந்தையாரிடம் விட்டுப் போயிருந்தார். 2025 பிப்ரவரியில் ஒரு நாள் அந்தப் பெரியவர் என்னை அழைத்தார். "தம்பி, அவன் ஜெர்மனியில இருக்கான். அவன் வண்டி மட்டும் எப்படிப்பா டில்லியில சிகப்பு விளக்கைத் தாண்டுது?" என்று கேட்டார். கோபமாகக்கூட அல்ல, வியப்பாகத்தான் கேட்டார். சாலையிலுள்ள காமிரா வண்டியின் எண்ணைப் படிக்கிறது. அபராதச் செய்தி பதிவேட்டில் உள்ள எண்ணுக்குப் போகிறது. ஓட்டியவன் நான், செய்தி போனது நாகர்கோவிலுக்கு.

அபராதத்தைக் கட்டிவிட்டேன். அத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. அன்றிரவுதான் முதன்முறையாகக் காகிதங்களை விரித்துப் பார்த்தேன். 2018 செப்டம்பருக்குப் பின் விற்கப்படும் புதிய இருசக்கர வண்டிகளுக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஐந்தாண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. நம் வண்டியின் ஐந்தாண்டு 2024 நவம்பரில் முடிந்துவிட்டிருந்தது. நினைவூட்டல்கள் எல்லாம் நாகர்கோவிலுக்கே போயிருந்தன. பெரியவர் விளம்பரம் என்று எண்ணி விட்டிருந்தார். மூன்று மாதம் இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியில் டில்லியைச் சுற்றியிருக்கிறேன். அந்த மூன்று மாதத்துக்குள், ஜனவரி மூடுபனியில், கிங்ஸ்வே கேம்ப் அருகே சைக்கிளில் பால் கொண்டுபோன முதியவர் ஒருவரின் பின்சக்கரத்தில் என் முன்சக்கரம் முட்டியது. பால் கொட்டியது, அவர் விழவில்லை. கொட்டிய பாலுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, திட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தால் நஷ்ட ஈட்டு வழக்கு யார் மேல் போயிருக்கும்? என் மேல் மட்டுமா? ஜெர்மனியில் ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்த அண்ணன் மேலும்தான்.

இங்கேதான் நம்மில் பலருக்கு மயக்கம் இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, விற்பவரும் வாங்குபவரும் எப்போது உரிமை மாற வேண்டுமென்று கருதினார்களோ அப்போதே பொருளின் உரிமை மாறிவிடுகிறது. ஆகவே எங்கள் இருவருக்குள் அந்த ஸ்கூட்டர் 2024 ஜூலையிலேயே என்னுடையதாகிவிட்டது. ஆனால் சாலையில் போகும் மூன்றாமவருக்கு நாங்கள் என்ன கருதினோம் என்பது எப்படித் தெரியும்? அவருக்காக 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வேறு விடை வைத்திருக்கிறது. பொதுவாக, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது அதன் 2ஆம் பிரிவு. 2009இல் ஒரு கார் பின்னோக்கி வந்து மோதிச் சிறுவன் ஒருவன் இறந்தான். பதிவேட்டில் இருந்தவர் அதை 2007லேயே விற்றுவிட்டதாகச் சொன்னார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் மற்றொருவருக்கு. ஒருவரும் பெயர் மாற்றவில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் இருந்த அந்த முதல் மனிதரே பொறுப்பு என்று தீர்த்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கைமாறிய வழியெல்லாம் தேடி அலைய வேண்டியதில்லை என்பதே அதன் கருத்து. விற்றவர் பக்கம் நின்று பார்த்தால் கொடுமையாகத் தோன்றும். இறந்த பிள்ளையின் வீட்டார் பக்கம் நின்று பார்த்தால், இதைவிட நியாயமான வழி எனக்குத் தெரியவில்லை.

வழக்கு மட்டுமன்று. 2025 நவம்பர் 10ஆம் நாள் செங்கோட்டை அருகே கார் வெடித்தபோது, போலீசார் முதலில் தேடிச் சென்றவர்களுள் ஒருவர் பதிவேட்டில் பெயரிருந்தவர். அவர் அதை முன்பே விற்றிருந்தார். வண்டி பல கை மாறியிருந்தது. நம் விடுதியில் அன்று இரவு எத்தனை பேர் தாம் விற்ற வண்டியை நினைத்துப் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பழைய வண்டிச் சந்தையைப் பற்றிப் புகழ்பெற்ற ஒரு பொருளாதாரக் கட்டுரை உண்டு. 1970இல் வெளியாயிற்று. எழுதியவர் ஜார்ஜ் அகெர்லாஃப். 1967-68இல் நம் டில்லியிலேயே, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஓராண்டு இருந்தவர். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். மோசமான காரை அமெரிக்கர் 'எலுமிச்சை' என்பார்கள். வண்டி எலுமிச்சையா இல்லையா என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் நடுத்தர விலைதான் சொல்வார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். நல்லவை விலக, எலுமிச்சைகளே சந்தையில் மிஞ்சும். இதிலிருந்து தப்பும் வழி ஒன்று, தெரிந்தவரிடம் வாங்குவது. நம் சங்கத்துச் சந்தை செழிப்பதும் அதனால்தான். வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வியை நட்பு தீர்த்துவிடுகிறது. ஆனால் காகிதத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை அதே நட்பு கேட்கவிடுவதில்லை. முன்பின் அறியாதவரிடம் வாங்கியிருந்தால் மறுநாளே பெயர் மாற்ற ஓடியிருப்பேன்.

அறியாதவரிடம் வாங்குவோருக்குச் சில சொற்கள். வண்டியைப் பகலில் பாருங்கள். பார்க்கும் முன் அவர் ஸ்டார்ட் செய்து வைக்காதிருக்கட்டும். எஞ்சினைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் காலையில் கிளம்ப மறுக்கும் வண்டியோ என்று ஐயுறலாம். புகையின் நிறத்தைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். கரும்புகை என்றால் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது. டில்லிக் குளிரில் முதல் சில நிமிடம் வரும் வெண்புகைக்கு அஞ்ச வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. அந்த ஆவிதான் அது. வேதியியல் மாணவன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இதற்கு அஞ்சி நல்ல வண்டியை விட்டவர் ஒருவரை அறிவேன். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையில் படாதபடி தூக்கி, ஹாண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் எங்காவது பல்லில் விழுவதுபோல் நின்றால் பேரிங் போயிற்று. டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் சான்றோடு நீங்களே ஒப்பிடுங்கள், அவர் வாசிக்கக் கேட்காதீர்கள்.

இனி காகிதம். படிவம் 29 விற்பவர் கொடுக்கும் அறிவிப்பு. படிவம் 30 இருவரும் சேர்ந்து செய்யும் விண்ணப்பம். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் பதினான்கு நாட்களுக்குள்ளும் வாங்குபவர் முப்பது நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தேதியும் பெயரும் நிரப்பாத படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுப்பது நம்மிடையே பெருந்தன்மையாகக் கருதப்படுகிறது. அது அறியாதவர் கைக்குப் போகும் வெற்றுக் காசோலை. 2023 ஏப்ரல் முதல், பதிவு பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்தால் அந்த நாளிலிருந்து பொறுப்பு அவருடையது என்று விதி வந்திருக்கிறது. நாம் ஒருவருக்கொருவர் விற்கும்போது அந்தக் காப்பு இல்லை.

என் வண்டியில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. அண்ணன் வங்கிக் கடனில் வாங்கியிருந்தார். கடனைக் கட்டி முடித்து ஆண்டுகள் ஆயின. ஆனால் பதிவேட்டிலிருந்து வங்கியின் பெயரை நீக்கவில்லை. வங்கியின் இசைவின்றிப் பெயர் மாறாது. கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 பெற, அவர் ஜெர்மனியிலிருந்து எழுதி, தந்தையார் கிளைக்கு மூன்று முறை நடந்து, இரண்டு மாதம் போயிற்று. நல்ல வேளையாக 2021 முதல் டில்லியில் பெயர் மாற்றத்துக்கு அலுவலகம் செல்ல வேண்டியதில்லை, வலைத்தளத்திலேயே செய்யலாம். விற்பவரின் கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணைக் கேட்டார்கள். பெரியவர் கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டு, ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தார். இரண்டு முறை நேரம் கடந்துவிட்டது. மூன்றாம் முறை கிடைத்தது.

இன்ஷூரன்ஸைத் தனியே மாற்ற வேண்டும். வண்டி விற்கப்பட்டால் மூன்றாம் நபருக்கான காப்பு தானே வாங்கியவருக்குப் போகும் என்று சட்டம் கொள்கிறது. எனினும் பதினான்கு நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விபத்தின்றி ஓட்டியதற்கான தள்ளுபடி விற்றவருக்கே உரியது, வண்டியோடு வராது.

ஊரிலிருந்து ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்த தமிழ்நாட்டு எண் வண்டியை இங்கே விற்கும் நண்பர்கள், முதலில் பதிவான அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். அதற்குப் படிவம் 28. விற்காமல் வைத்திருந்தாலும் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் புது எண் பெற வேண்டும். பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டியை டில்லியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அதன் விதிகள் 2025லேயே பலமுறை மாறின.

நம் விடுதியில் இருவர் சென்ற ஆண்டு மோட்டார் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டார்கள், பணமே கைமாறவில்லை. விற்பனை என்றால் பணவிலை வேண்டும் என்பதால் இதைச் சட்டம் விற்பனை என்றே கொள்ளாது என்று வாதிட்டார்கள். இருக்கலாம். ஆனால் பதிவேட்டில் மாற வேண்டிய பெயர்கள் இரண்டு. ஒன்றைக்கூட அவர்கள் மாற்றவில்லை. ஒருவர் வண்டியின் அபராதம் மற்றவருக்கு வந்துகொண்டிருக்கிறது.

என் பெயர் 2025 மே மாதம் பதிவேட்டில் ஏறியது. நாகர்கோவிலுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "இனி அவன் வண்டி எங்கயும் போகாதுல்லா?" என்று கேட்டார் பெரியவர். போகாது என்றேன்.

வரும் மே மாதம் நானும் புறப்படுகிறேன். ஸ்கூட்டர் விற்பனைக்கு இருக்கிறது. பின் டயர் புதியது, இடப்பக்கக் கண்ணாடி விரிசல். வாங்க விரும்புவோர் ஆதாருடன் இணைந்த கைப்பேசியையும் கையோடு கொண்டு வர வேண்டும். இருவரும் ஓரிடத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை அனுப்பி, நாளும் மணியும் எழுதி ரசீதில் ஒப்பமிட்ட பின்பே சாவி கொடுப்பேன். விலையைப் பேசிக்கொள்ளலாம்.