கையெழுத்து போடும் முன் கணக்கைப் படியுங்கள்

*வரித் தணிக்கையில் சிக்கும் சிறு குத்தகையாளர்களும், அவர்களுக்கு வழிகாட்டும் கணக்காளர்களும்*

ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளைப் பழுதுபார்ப்பவர்கள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வயரிங் வேலை எடுப்பவர்கள், ஏர்கோன் பொருத்துபவர்கள் என்று பினாங்கில் தமிழ்க் குத்தகையாளர்கள் பலர் இருக்கிறார்கள். தொழிலில் கெட்டிக்காரர்கள். கணக்கு என்று வந்தால் மட்டும் ஆண்டு முழுவதும் சேர்ந்த ரசீதுகளை ஒரு பையில் போட்டு யாரிடமாவது கொடுத்துவிட்டு, அவர் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். உள்நாட்டு வருமான வரி வாரியத்திலிருந்து தணிக்கைக் கடிதம் வந்த பிறகுதான், எதில் கையெழுத்திட்டோம் என்று தேடுகிறார்கள்.

சுயமதிப்பீடு தந்த சுமை

முன்பெல்லாம் நாம் வருமானத்தைச் சொல்வோம், வரியை அதிகாரிகள் கணக்கிட்டு அனுப்புவார்கள். நிறுவனங்களுக்கு 2001 முதலும், தனிநபர் தொழில்களுக்கு 2004 முதலும் இது மாறியது. இப்போது வரியைக் கணக்கிட வேண்டியவர் வரி செலுத்துபவரே. வாரியம் பிறகு வந்து சரிபார்க்கும். பொதுவாக 5 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகலாம். மோசடியோ அலட்சியமோ இருந்தால் அந்த வரம்பும் கிடையாது. ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் சொல்கிறது.

கட்டுமானத் தொழிலில் தவறு நுழையும் வழிகள் பல. முதன்மைக் குத்தகையாளர் செலவாகக் காட்டும் தொகை, துணைக் குத்தகையாளரின் வருமானமாகத் தெரிய வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் கேள்வி எழும். ரொக்கமாகக் கொடுத்த கூலிக்கு ஆதாரம் இல்லையென்றால், பணம் உண்மையிலேயே செலவாகியிருந்தாலும் கழிவு கிடைப்பது கடினம். செலவு நிராகரிக்கப்பட்டால் அந்தத் தொகை லாபமாகிவிடும், அதற்கும் வரி விழும்.

மின்-விலைப்பட்டியல் இதை இன்னும் வெளிச்சமாக்கியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களோடு தொடங்கிய அந்த முறை, படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பல விற்பனைகளை ஒன்றாகச் சேர்த்து மாதம் ஒரு பட்டியல் அனுப்பும் சலுகை கட்டுமானக் குத்தகைக்கு இல்லை. இந்த முறைக்குள் வந்தவரின் ஒவ்வொரு பில்லும் தனித்தனியே வாரியத்தின் கணினிக்குப் போக வேண்டும்.

வரி குறைப்பும் வரி ஏய்ப்பும்

சிலர் 'தனித் திட்டம்' ஒன்றோடு வருகிறார்கள். ஒரே ஆள் செய்யும் வேலையின் வருமானத்தை மனைவி பெயரில் ஒரு எண்டர்பிரைஸ், மைத்துனர் பெயரில் ஒரு செண்டிரியான் பெர்ஹாட் என்று பிரிப்பார்கள். இதன் கவர்ச்சி வரி விகிதத்தில் இருக்கிறது. சிறு நிறுவனத்துக்கு முதல் 1,50,000 ரிங்கிட் லாபத்தில் 15 விழுக்காடு வரி. தனிநபர் வருமானம் 1,00,000 ரிங்கிட்டைத் தாண்டினால் மிகுதிக்கு 25 விழுக்காட்டில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும்.

நிறுவனம் தொடங்குவது குற்றமல்ல. சட்டம் தரும் சலுகையைப் பயன்படுத்தி வரியைக் குறைத்துக்கொள்வதும் குற்றமல்ல. சபா பெர்ஜாயா வழக்கில் 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த உரிமையை ஏற்றது. ஆனால் வேலையும் ஆளும் இல்லாமல் காகிதத்தில் மட்டும் இருக்கும் ஏற்பாட்டை ஒதுக்கிவிட்டு வரி விதிக்க, சட்டத்தின் 140-ஆம் பிரிவு வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது.

பிரிட்டனில் இத்தகைய திட்டங்கள் எதுவரை போயின என்று நம்மவர்கள் அறிய வேண்டும். ஒப்பந்தப் பணியாளர்களுக்குத் தனித்தனி நிறுவனம் உருவாக்கி, அதன் பணப்போக்கையும் தாங்களே நடத்திக் கொடுத்தவர்களுக்கு எதிராக அங்கே 2007-இல் சட்டம் வந்தது. வழக்கமான கணக்கெழுதும் சேவையை அது தொடவில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் எழுந்த கிறிஸ்டியானுயி வழக்கில் 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரித்துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒப்பந்தப் பணியாளர்களுக்கென்றே சேவை செய்த கணக்கியல் நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கும் வரித்துறையின் கடிதங்கள் போயின. நிறுவனத்தால் கட்ட முடியாத வரியை அதன் இயக்குநரான பணியாளரிடமே வசூலிக்கவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. யோசனை கணக்காளருடையது, கடன் பணியாளரின் தலையில் விழலாம்.

தண்டனை யாருக்கு?

இங்கும் நிலைமை அதுதான். கணக்கைத் தவறாகக் காட்டினால், வழக்கு இல்லாமலேயே, குறைந்துபோன வரிக்குச் சமமான தொகைவரை வாரியம் அபராதம் விதிக்கலாம். வேண்டுமென்றே ஏய்த்ததாக நீதிமன்றம் தீர்ப்பளித்தால் 1,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 3 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். அதோடு குறைத்த வரியைப்போல் மும்மடங்கும் கட்ட வேண்டும். வரி மதிப்பீட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் மேல்முறையீடு நடக்கிறது என்பதற்காக வரி கட்டும் கெடு தள்ளிப்போகாது.

தவறான கணக்குக்கு ஆலோசனை சொன்னவரையும் சிறைக்கு அனுப்ப வருமான வரிச் சட்டத்தின் 114-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அந்த அதிகாரம் தயக்கமின்றிப் பயன்படுத்தப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஒரே ஆலோசகரின் வாடிக்கையாளர்கள் அடுத்தடுத்து ஒரே பிழையில் சிக்கினால், பிழையின் வேர் அந்த ஆலோசகரிடம் இருக்கிறது. கொத்தனாரையும் வயர்மேனையும் விசாரிக்கும் அதே வேகத்தில் அவரையும் விசாரிப்பதுதான் நியாயம்.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்களுக்காக வாரியத்திடம் பேசுபவர் 153-ஆம் பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற வரி முகவரா என்று முதலில் கேளுங்கள். கணக்காளர் என்று பலகை மாட்டியிருந்தால் மலேசியக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். 'வரியே வராமல் பார்த்துக்கொள்கிறேன்' என்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். கூலியை வங்கி வழியாகக் கொடுங்கள். படிவத்தை அனுப்பும் முன் வருமானம், செலவு, வரி ஆகிய மூன்று எண்களையும் உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கச் சொல்லுங்கள்.

பழைய ஆண்டுகளில் பிழை இருப்பது தெரிந்தால் கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள். தானாக முன்வந்து திருத்துபவருக்கு அபராதம் குறைவு. வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு அது. அதன் கணக்கை அறிந்துகொள்ள வருடத்தில் ஒரு நாளாவது உங்கள் கணக்காளரோடு உட்காருங்கள்.