திரை வாங்கினோம், பார்க்கக் கற்றோமா?

மாடு வாங்கச் சென்றவர் சுழி பார்த்தார்; பல்லைப் பிடித்துப் பார்த்தார்; நாலடி நடத்திப் பார்த்தார். அதன் பின்னரே மடியில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்தார். இஃது எமது பாட்டனார் காலத்து வழக்கம். வண்டில் மாட்டின் இலட்சணம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தமையால், விற்பவன் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்குபவனை ஏமாற்றுதல் எளிதாயிருக்கவில்லை. இன்றோ நாளுக்கொரு புதுப்பொருள் நமது வீட்டு வாயிலில் வந்து இறங்குகின்றது. அவற்றுக்குச் சுழி எது, பல் எது என்பதை நம்மிற் பலர் அறியோம். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களைப் படித்து, பெரிய எண்ணே பெரிய நன்மையென்று நம்பி வாங்கி விடுகின்றோம்.

அத்தகைய பொருள்களுள் ஒன்று, பிள்ளைகள் ‘கேமிங் மொனிற்றர்’ என்று சொல்லும் கணினித் திரை. மிக மலிவான வகையையும், செல்வர்கள் மாத்திரம் வாங்கும் வகையையும் விடுத்து, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட விலையில் உள்ளதையே இங்கு எடுத்துக் கொள்கின்றோம். அதனை வாங்கிய எமக்குத் தெரிந்த சிலரின் அனுபவங்களோடு எமது இல்லத்து அனுபவத்தையும் சேர்த்து எழுதத் துணிந்தோம். எமது கதை சிறிது வெட்கந் தருவதுதான். எனினும், பிறர் விழுந்த குழியை அறிந்தவர் அதைச் சுற்றிச் செல்லலாம் அன்றோ?

வாக்களித்ததும் வாங்கியதும்

சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றால் புதிய திரை ஒன்று வாங்கித் தருவதாக எம் மகனுக்கு வாக்களித்திருந்தோம். பெறுபேறு வந்தது, வாக்கும் உடன் வந்து வாயிலில் நின்றது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த நாணயமாற்று, அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குச் சென்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடல் கடந்து வரும் பொருள்களின் விலையும் அதனோடு ஏறிற்று. ஆகவே ‘நடுத்தர விலை’ என்பது ஆசிரியர் ஒருவரின் சம்பளத்துக்கு நடுத்தரமாக அமைவதில்லை. ஒரு மாதச் சம்பளம் போதாமற் சீட்டுப் பணத்திலும் கைவைத்தோம். அன்று மாலை எம் இல்லாளின் முகத்தை யாம் நேரே பார்க்கவில்லை.

திரையின் அளவு 27 அங்குலம். பெட்டியின் மேல் ‘165 ஹேர்ட்ஸ்’ என்று கொட்டை எழுத்திற் போட்டிருந்தது. பழைய திரையை இறக்கி, அதற்குரிய கேபிளையே புதியதிற் கொழுவி, மின்சாரத்தைக் கொடுத்தோம். படம் பெரிதாயும் தெளிவாயும் வந்தது. மகன் விளையாட்டொன்றைத் தொடங்கினான். யாம் பின்னால் நின்று, “எப்படித் தம்பி?” என்று கேட்டோம். “நல்லா இருக்கு, அப்பா” என்றான். எமக்கு அசைவில் எவ்வித வேறுபாடும் தோன்றவில்லை. நாற்பதைக் கடந்த கண்ணுக்கு இந்நுட்பங்கள் புலப்படா போலும் என்று எண்ணி அமைதியடைந்தோம்.

எண்களின் பொருள்

165 ஹேர்ட்ஸ் என்பது யாது? மாணவப் பருவத்தில் கொப்பியின் மூலையிற் பக்கத்துக்கொரு படமாக ஓடும் மனிதனை வரைந்து, தாள்களை விரைந்து புரட்டி அவனை ஓட விட்டோம் அல்லவா? கணினித் திரையும் அதனையே செய்கின்றது. ஒரு செக்கனில் எத்தனை முறை படத்தை மாற்றி வரைகின்றது என்பதே அவ்வெண். ஜேர்மனிய பௌதிக அறிஞர் ஹென்றிக் ஹேர்ட்ஸ் (1857 - 1894) பெயரால் அவ்வலகு வழங்குகின்றது. திரைப்படத்துக்குச் செக்கனுக்கு 24 படங்கள் போதும். சாதாரண அலுவலகத் திரை 60 முறை வரையும். அதாவது ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் இடையே ஏறக்குறைய 16.7 மில்லி செக்கன் செல்லும். 165 முறை வரையும் திரையில் அவ்விடைவெளி ஏறக்குறைய 6 மில்லி செக்கனாகக் குறுகிவிடும். விரைந்து ஓடும் பொருளைக் கண் தொடருவதற்கு இது துணை செய்யும்.

ஆனால், திரை வரைவதற்குப் படங்களைக் கணினி கொடுத்தல் வேண்டும். செக்கனுக்கு 70 படங்கள் மாத்திரம் ஆக்கவல்ல கிராபிக்ஸ் கார்ட் உள்ள கணினியிற் பூட்டினால், 165 என்ற ஆற்றலின் பெரும்பகுதி விளையாட்டிற் பயன்படாது. இரண்டின் தாளமும் ஒவ்வாதபோது படத்தின் மேற்பாதி ஒரு கணத்தையும் கீழ்ப்பாதி மறு கணத்தையும் காட்டிக் குறுக்கே கிழிந்தது போலத் தோன்றும். நாதசுரத்தின் போக்கை அறிந்து தவில் தொடருமாப்போலக் கணினியின் வேகத்தைத் திரை தொடரும் முறைகள் இதற்காகவே வந்தன. என்விடியா நிறுவனம் 2013இல் ‘ஜீ-சிங்க்’ முறையை அறிவித்தது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ‘ஃபிரீசிங்க்’ திரைகள் 2015இற் சந்தைக்கு வந்தன. 2019 ஜனவரி தொடக்கம் என்விடியா கார்டுகளும் இவ்விரண்டாம் வகைத் திரைகளோடு இசைந்து செல்ல இடமளிக்கப்பட்டது. நடுத்தர விலைத் திரையை வாங்குவோருக்கு இது பெரிய நன்மையாயிற்று.

‘ஒரு மில்லி செக்கன்’ என்ற எண்ணும் பெட்டியில் இருக்கும். ஒரு புள்ளி நிறம் மாறுவதற்கு எடுக்கும் நேரம் அது. அவ்வேகத்தைப் பெறுவதற்குத் திரையை அதன் கடைசி எல்லை வரை முடுக்க வேண்டியிருக்கும். அப்படி முடுக்கினால், ஓடும் பொருளின் பின்னே வெண்ணிற நிழலொன்று வால்போலத் தொடரும். ஆதலால் நடு அளவில் வைத்துப் பார்ப்பதே நன்று.

‘எச்.டி.ஆர். 400’ என்ற முத்திரையும் அவ்வாறானதே. 2017இன் இறுதியில் வகுக்கப்பட்ட தரவரிசையில் 400 என்பது மிகக் கீழ்ப்படி. இருளையும் ஒளியையும் ஒருங்கே சிறப்பாகக் காட்டும் வலிமை அப்படியில் உள்ள திரைகளுக்குப் பெரும்பாலும் இல்லை. எமக்குத் தெரிந்தோர் எல்லோரும் ஓரிரு நாள் பார்த்தபின் அதனை நிறுத்தி விட்டார்கள்.

குறையா, குணமா?

1888இல் ஒஸ்திரிய அறிஞர் ஃபிரீட்றிக் றைனிற்சர் ஒரு புதுமையைக் கண்டார். ஒரு பொருள் 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கிய திரவமாகி, 178.5 பாகையிலே மீண்டும் ஒரு முறை தெளிந்தது. திரவப் பளிங்கு என்னும் அவ்வினமே இன்றைய திரைகளுக்குள் இருந்து ஒளியை மறித்தும் விடுத்தும் தொழில் செய்கின்றது. அது நிற்கும் முறையை ஒட்டி ரி.என்., வி.ஏ., ஐ.பி.எஸ். என மூவகைத் திரைகள் உண்டு. ரி.என். விரைவானது, ஆனாற் பக்கத்தில் நின்று பார்த்தால் நிறம் மாறும். வி.ஏ. கருமையை ஆழமாகக் காட்டும்; வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள விகிதம் அதில் 3000க்கு ஒன்று அளவில் அமையும். ஐ.பி.எஸ். இல் அது 1000க்கு ஒன்று அளவினதே. ஆயினும் எப்பக்கம் நின்று பார்த்தாலும் நிறம் பெரிதும் மாறுவதில்லை.

எமது ஒழுங்கையில் உள்ள இளைஞர் ஒருவர் வளைந்த வி.ஏ. திரையொன்றை வாங்கினார். இரவுக் காட்சிகளின் கருமையை வியந்து பேசினார். ஒரு கிழமைக்குப் பின், அதே இரவுக் காட்சியில் உருவங்கள் ஓடும்போது மை கரைந்தது போற் கறை இழுபடுகின்றதென்று முறையிட்டார். கடைக்காரரோடு பிணங்கினார். உண்மையில் அது பழுதன்று. கருமையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறுகையில் வி.ஏ. திரைகள் பல தாமதிக்கும். அதன் குணத்தை அவர் முன்னரே அறிந்திருந்தாற் பிணக்கு நேர்ந்திராது.

எம்மோடு கற்பிக்கும் கணித ஆசிரியர் தம் மகளுக்கு ஐ.பி.எஸ். திரை வாங்கினார். அப்பெண் சித்திர வேலையும் செய்பவள். நிறங்கள் அவளுக்குப் பெரிதும் பிடித்தன. ஆனால் விளக்கணைத்த அறையில் மூலைகள் மங்கலாய் ஒளிர்வதைக் கண்டு ஆசிரியர் திரையைத் திருப்பிக் கொண்டு சென்றார். மாற்றிக் கொடுத்த திரையிலும் அவ்வொளி இருந்தது. பார்க்கும் கோணம் மாற அவ்வொளியும் மாறுமாயின் அஃது அவ்வினத்தின் இயல்பு. கோணம் மாறியும் ஓரத்திலே ஒரே இடத்தில் வெளிச்சம் கசியுமாயின், அது பொருத்தியதில் உள்ள குறை. மாற்றித் தரும்படி கேட்கலாம்.

மாணவன் ஒருவனின் திரையில் ஓயாது ஒளிரும் பச்சைப் புள்ளி ஒன்று இருந்தது. 2560க்கு 1440 என்னும் அளவுடைய திரையில் 36 இலட்சத்து 86 ஆயிரத்து 400 புள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று நிறக் கூறுகள். ஒன்றிரண்டு பிழைத்தால் உத்தரவாதத்தில் ஏற்பதில்லையென்று உற்பத்தியாளர் பலர் நிபந்தனை இடுகின்றனர். அவனுக்கும் அவ்விடையே கிடைத்தது. நிபந்தனையை வாங்கு முன் படித்தல் வேண்டும். வாங்கிய பின் படித்தால் வருத்தமே மிஞ்சும்.

மூன்று மாத மயக்கம்

இனி எமது கதைக்கு வருவோம். மூன்று மாதங் கழிந்தபின் ஒரு நாள் அக்கணித ஆசிரியர் தம் மகளோடு எமது இல்லத்துக்கு வந்திருந்தார். அப்பிள்ளை எம் மகனின் மேசையண்டை சென்று மவுசை இரண்டு முறை வட்டமாகச் சுழற்றினாள். உடனே திரும்பி, “சேர், இது அறுபதிலையெல்லோ ஓடுது!” என்றாள்.

யாம் திகைத்தோம். 165 என்று அச்சிட்ட திரை 60இல் ஓடுவது எவ்வாறு? காரணம் இரண்டு. முதலாவது, யாம் கொழுவிய பழைய எச்.டி.எம்.ஐ. கேபிள். பழைய தரத்து இணைப்பில் இவ்வளவு புள்ளிகளை உயர்ந்த வேகத்தில் அனுப்ப இயலாது. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். ரெஜிபோமுக்கு அடியில், சுற்றிய பொலித்தீன் கழற்றப்படாமல், ‘டிஸ்பிளே போர்ட்’ கேபிள் உறங்கிக் கொண்டிருந்தது. அதனைக் கொழுவிய பின்னும் வேகம் மாறவில்லை. இரண்டாவது காரணம் அப்போதுதான் தெரிந்தது. விண்டோஸ் செற்றிங்ஸில் ‘டிஸ்பிளே’ என்ற பகுதியுள் உயர்நிலை அமைப்பைத் திறந்து, 60 என்றிருப்பதை 165 என்று நாமே தெரிவு செய்தல் வேண்டும். அப்பிள்ளை அதனைச் செய்தாள். அரை நிமிடமும் ஆகவில்லை. அம்பு திரையில் நெய்யில் வழுக்கியது போல ஓடிற்று. நாற்பதைக் கடந்த எமது கண்ணும் அதனைக் கண்டது!

முதல் நாளிற் செய்யத்தக்கவை

ஆதலால், இத்தகைய திரையை வாங்கும் பெற்றோர் சிலவற்றைக் கருத்திற் கொள்ளுதல் நலம். கணினியின் ஆற்றலை அறிந்து, அதற்கேற்ற திரையைத் தெரிக. பெட்டியில் உள்ள கேபிளையே பயன்படுத்துக. வேகம் எத்தனை என்பதை அன்றைக்கே செற்றிங்ஸிற் பார்க்க. முழுத்திரையையும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என மாற்றி நிறுத்திப் புள்ளிகளையும் ஓரங்களையும் சோதிக்க. பற்றுச்சீட்டையும் பெட்டியையும் காத்து வைக்க. கடையிலே காட்டுவதற்காகப் பல திரைகளின் ஒளி மிக உயர்வாக இருக்கும். அதனைக் குறைத்துக் கொள்ளாமையால் எம் மகன் முதல் வாரத்தில் தலைவலியென்றான். நூறில் இருந்ததை முப்பதாகக் குறைத்தபின் அது நீங்கியது. மேசையின் ஆழத்தையும் அளந்து கொள்க. இவற்றின் விரிந்த கால்கள் பாடப்புத்தகம் வைக்கும் இடத்தைப் பிடித்துக் கொள்ளும். இடிமின்னல் வேளையிற் செருகியைக் கழற்றி விடுக.

இவையனைத்தும் செய்தபின் எஞ்சும் குறையே திரையின் குறை. அதற்குமுன் காணும் குறைகளிற் பெரும்பாலானவை நமது அறியாமையின் குறையே.

விருந்தினர் சென்றபின், எம் மனத்தில் உறுத்திய வினாவை மகனிடம் கேட்டோம். “மூன்று மாதமும் நல்லா இருக்கெண்டு சொன்னாயே தம்பி, உனக்கு வித்தியாசம் தெரியவில்லையா?”

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், “ஓடுறது பழசு மாதிரித்தான் இருந்தது அப்பா. நீங்கள் சீட்டுக் காசையும் எடுத்து வாங்கித் தந்தனீங்கள். ஒண்டும் வித்தியாசமில்லை எண்டு சொன்னால் உங்களுக்குக் கவலையா இருக்குமெண்டு சொல்லேல்லை” என்றான்.

எமக்கு மறுமொழி தோன்றவில்லை. திரையின் குறையை அவன் அன்றே கண்டிருந்தான். அதனை எம்மிடம் சொல்லலாம் என்ற துணிவை மாத்திரம் யாம் அவனுக்குக் கொடுத்திருக்கவில்லை. பணத்தின் அருமையைப் பிள்ளை அறிய வேண்டுமென்று யாம் பலகாலும் எடுத்துரைத்ததன் பயன் இவ்வாறு முடிந்தது. பொருள் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் அதன் விலையை ஒரு முறை சொன்னாற் போதும். “பிழை இருந்தாற் கூசாமற் சொல்லு” என்பதையே பலமுறை சொல்ல வேண்டும்.