ஒரு வாளி சுடுதண்ணீரின் கணக்கு

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்து, இன்னும் இரவல் காணியில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். மகள் பிள்ளைப்பேறு முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். நொச்சியும் பாவட்டையும் போட்ட வேதுத் தண்ணீர் முற்றத்து அடுப்பில் கொதித்துக் கொண்டிருந்தது. வெளிநாட்டிலுள்ள மகன் ஒரு விளம்பரத்தைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பியிருந்தான். மைக்றோவேவ் அலையினால் தண்ணீரைச் சூடாக்கும் கருவி, தாங்கி வேண்டியதில்லை, குழாயைத் திறந்தவுடன் சுடுதண்ணீர், மின்சாரத்தில் பாதி மிச்சம் என்று அதில் எழுதியிருந்தது.

"வாங்கி அனுப்பட்டோ எண்டு கேக்கிறான். விறகைவிட இது மலிவோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லும் தம்பி" என்றார் தாயார்.

நியாயமான கேள்விதான். சொந்த வளவில் இருந்தபோது மட்டை, கொக்கறை, பன்னாடை, ஊமல் எல்லாம் காலடியில் கிடந்தன. இரவல் காணியில் விழுகிற மட்டையும் காணிக்காரருடையது. விறகைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். எனவே வீட்டுக்கு வந்து, கடதாசியும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் பார்த்தேன்.

முதலில் இந்த அலை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1940இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரண்டல், பூட் என்ற இருவர் றேடாருக்காக மக்னெற்றோன் என்னும் குழலைத் திருத்தியமைத்தனர். எதிரி விமானங்களைக் கண்டுபிடிக்கச் செய்த பொருள் அது. 1945இல் அமெரிக்காவின் ரேதியன் நிறுவனத்தில் பேர்சி ஸ்பென்சர் என்பவர் அத்தகைய குழலொன்றின் அருகே நின்றபோது, சட்டைப் பையிலிருந்த இனிப்புக் கட்டி உருகியது. அதிலிருந்து பிறந்ததுதான் மைக்றோவேவ் அடுப்பு. 1947இல் வந்த முதல் அடுப்பு ஓர் ஆள் உயரமும் ஏறக்குறைய 340 கிலோ நிறையும் கொண்டது. மேசையில் வைக்கக்கூடிய அளவில் அது வீடுகளுக்கு வந்தது 1967இல்.

தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு நேர்முனையும் ஒரு மறைமுனையும் உண்டு. அலையின் மின்புலம் ஒரு செக்கனில் 245 கோடித் தடவை திசை மாறி மாறி அதிர்கிறது. மூலக்கூறுகள் அதன் பின்னால் திரும்ப முயன்று ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலே சூடாகிறது. கண்ணாடியும் பீங்கானும் அலையை அநேகமாக விட்டுவிடும். ஆகவே பாத்திரத்தைச் சூடாக்காமல் உள்ளே இருப்பதையே நேராகச் சூடாக்கலாம். விளம்பரக்காரர் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். 2000ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் இத்தகைய நீர் சூடாக்கிகள் விளம்பரப்படுத்தப்பட்டன. வீடுகளில் அவை பரவலாக இடம்பிடிக்கவில்லை. ஏன் என்பதைக் கணக்கே சொல்லும்.

ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடேற்ற ஏறத்தாழ 4.2 கிலோயூல் வேண்டும். விறகோ, வாயுவோ, மின்சாரமோ, இந்தத் தொகையில் ஒரு சதமும் குறையாது. குளிக்க 20 லீற்றர், கிணற்றுச் சூட்டிலிருந்து 20 பாகை உயர்த்துவதென்றால் 1,680 கிலோயூல். மின்பட்டியலில் இது அரை அலகுக்குச் சற்றுக் குறைவு. சாதாரண மின் கேத்திலில் உள்ள சுருள் தண்ணீருக்குள் அமிழ்ந்திருப்பதால் வாங்கிய மின்சாரம் அநேகமாக முழுவதும் தண்ணீருக்கே போகும். மக்னெற்றோனுக்கோ முதலில் மின்சாரத்தை அலையாக மாற்றும் வேலை இருக்கிறது. அதிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாகி, குழலைச் சூடாக்கிக் காற்றாடியால் வெளியே தள்ளப்படுகிறது. அரை அலகில் முடிய வேண்டிய வாளித் தண்ணீருக்கு முக்கால் அலகு செலவாகும். மிச்சம் எங்கே?

மைக்றோவேவ் அடுப்பு மிச்சம் பிடிக்கும் என்ற பேச்சு முழுப் பொய்யுமல்ல. ஒரு கோப்பை தேநீரைச் சூடுகாட்டப் பெரிய வாயு அடுப்பைப் பற்றவைப்பதைவிட அது மேல். சூடு உள்ளே இலகுவில் பரவாத பொருள்களுக்கு, உறைந்த இறைச்சிக் கட்டி, இறப்பர், மரம் போன்றவற்றுக்கு, ஆலைகளிலும் பயன்படுகிறது. தண்ணீருக்கு அந்தச் சிக்கல் இல்லை. அடியில் சூடேற்றினால் தானே மேலெழுந்து கலந்துவிடும்.

தாங்கி இல்லாதது ஒரு இலாபம் என்பதும் குளிர் நாட்டுக் கதை. அங்கே பெரிய தாங்கியில் இரவு பகலாகத் தண்ணீரைச் சூடாக வைத்திருப்பார்கள். அது சும்மா ஆறுவதால் மின்சாரம் நட்டம். நாங்கள் தேவைப்படும்போதுதான் பானையை ஏற்றுகிறோம். எங்கள் அடுப்பு என்றைக்கோ தாங்கியில்லா அடுப்புத்தான்!

அடுத்தது வேகம். குழாயில் நிமிடத்துக்கு 5 லீற்றர் ஓட ஓட 20 பாகை சூடேற வேண்டுமானால் 7 கிலோவாற்று வலு நேராகத் தண்ணீருக்குள் போக வேண்டும். 230 வோல்ற்றில் அதுவே 30 அம்பியர். சாதாரண வீட்டு இணைப்பொன்றின் முழு அளவு. மக்னெற்றோனின் நட்டத்தையும் சேர்த்தால் 50 அம்பியரைத் தாண்டும். வீட்டிலுள்ள மைக்றோவேவ் அடுப்பின் வலுவுக்கு நிமிடத்துக்கு அரை லீற்றர்தான் கிடைக்கும். அதில் தலை நனைவதும் சந்தேகம்.

சுருள் இல்லாததால் சுண்ணாம்பு படியாது என்றும் எழுதியிருந்தார்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீரை அறியாதவர் எழுதியது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது சூடேறும் தண்ணீரிலிருந்து பிரியும் சுண்ணாம்பு. எந்த முறையில் சூடேற்றினாலும் அது பிரியும். சுருளில்லாவிட்டால் குழாயில் படியும்.

இனி விறகுப் பக்கம். ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறத்தாழ 16,000 கிலோயூல் இருக்கிறது. மூன்று கல் அடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்குதான் பானைக்குப் போகிறது. ஆகவே வாளிக்கு ஒரு கிலோ விறகு. ஒரே வாயில் தீமூட்டி இரண்டு பானை ஏற்றும் களிமண் அடுப்பு, அனகி என்று சொல்வார்களே, அதில் இந்தப் பங்கு ஐந்தில் ஒன்றுக்கு வரும். விறகு பாதியளவாகும், புகையும் குறையும். பச்சிளங் குழந்தை இருக்கும் வீட்டில் புகை குறைவது சின்ன விடயமல்ல.

வெயிலையும் மறக்கக்கூடாது. உலர் வலயத்தில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 அலகு வெயில் விழுகிறது. பாதியைப் பிடித்தாலும் ஐந்து வாளி. கறுப்புக் குழாய்ச் சுருளைத் தகரக் கூரையில் போட்டு வைத்தால் பின்னேரம் கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் வரும். குளிக்கும்போது பச்சைத் தண்ணீர் கலந்துகொள்ள வேண்டும். மாரியில் இது சரிவராது. குடிக்கும் தண்ணீரை எப்போதும் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டே ஆற்ற வேண்டும்.

இதையெல்லாம் தாயாரிடம் சொல்லிக் கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பொடியன் கேட்டுக்கொண்டு நின்றான். பழுதான மைக்றோவேவ் அடுப்பொன்று அவனிடம் இருந்தது. மக்னெற்றோனைக் கழற்றி ஒரு குழாயைச் சுற்றிப் பூட்டினால் என்ன என்பது அவனுடைய யோசனை. எனக்கு நெஞ்சு பகீரென்றது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மாற்றி ஏறத்தாழ 2,000 வோல்ற்று தரும். கொள்ளளவி அதை இரட்டிப்பாக்கும். செருகியைக் கழற்றிய பிறகும் கொள்ளளவியில் மின் தங்கியிருந்து ஆளைக் கொல்லலாம். அடைப்பில்லாமல் வெளிவரும் அலை கண்ணை அவிக்கும். வலிக்கும்போது காலம் கடந்திருக்கும். பழகின தொழிலாளிகளும் இதில் உயிர் விட்டிருக்கிறார்கள்.

பொடியன் முகம் சுண்டிப்போய்த் திருகாணிகளைத் திரும்ப முறுக்கினான். இரண்டு கிழமை கழித்துப் போனபோது முற்றத்தில் இரட்டை அடுப்பு இருந்தது. மகன் அனுப்பிய காசில் வாங்கியது. மைக்றோவேவ் பெட்டியைத் தாயார் கேட்டு வாங்கி, செருகிக் கம்பியை வெட்டிவிட்டுக் குசினி மூலையில் வைத்திருந்தார். கதவு இறுக்கமாகப் பூட்டுவதால் எலி போகாது; மிளகாய் விதையும் கத்தரி விதையும் அதற்குள் இருந்தன.