ஆஸ்டியோபதி சிகிச்சை: முதல் சந்திப்பில் என்ன நடக்கும்?

முதுகுவலி வாரக்கணக்கில் நீடித்தால், "ஆஸ்டியோபதி நிபுணரைப் பாருங்களேன்" என்று நண்பர் ஒருவர் சொல்வது இன்று நம் பெருநகரங்களில் வழக்கமாகிவிட்டது. மருந்தின்றி, கைகளாலேயே தசைகளையும் மூட்டுகளையும் ஆராய்ந்து இயக்கத்தைச் சீர்செய்ய முயலும் முறை இது. அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874ஆம் ஆண்டில் இதனை அறிமுகப்படுத்தினார்.

பிரிட்டனில், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவர்கள் மட்டுமே தம்மை ஆஸ்டியோபதி நிபுணர் என அழைத்துக்கொள்ள இயலும். நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆகவே, பெயர்ப்பலகையை மட்டும் நம்பிச் செல்லாதீர்கள். எங்கே, எத்தனை ஆண்டுகள் பயின்றார், பிசியோதெரபி அல்லது மருத்துவப் பட்டம் உண்டா என்பதை நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடலாம். தகுதியுடையவர் இக்கேள்விக்கு வருத்தப்பட மாட்டார்.

முதல் சந்திப்பு ஏறத்தாழ முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீளும். அதில் பெரும்பகுதி கேள்விகளுக்கே செலவாகும். வலி எப்போது தொடங்கியது, இரவில் மிகுகிறதா, முன்பு விழுந்ததுண்டா, என்னென்ன மாத்திரைகள் உட்கொள்கிறீர்கள் என்றெல்லாம் கேட்பார். எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகள் இருப்பின் எடுத்துச் செல்லுங்கள். பிறகு உங்களை நிற்கவும் குனியவும் நடக்கவும் சொல்லி, முதுகெலும்பை விரல்களால் தடவிப் பார்ப்பார். சில ஆடைகளைக் களைய நேரலாம் என்பதால், துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளக் கேட்பது உங்கள் உரிமை.

எழுபது வயதைக் கடந்த என் உறவினர் ஒருவரை இவ்வாறு அழைத்துச் சென்றிருந்தேன். முதுமையில் வரும் வலிதானே என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அவர் உயரம் சற்றுக் குறைந்திருப்பதைக் கேட்டறிந்த நிபுணர், அன்று சிகிச்சையே அளிக்காமல் எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். எலும்பு மெலிந்து, முதுகெலும்பில் ஒரு முறிவும் ஏற்பட்டிருந்தது. அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணவே அச்சமாக இருக்கிறது.

எலும்பு மெலிவு, புற்றுநோய், கர்ப்பம், இரத்தம் உறையாதிருக்க உட்கொள்ளும் மாத்திரை ஆகியவற்றை, அவர் கேட்காவிடினும் நீங்களே சொல்லிவிட வேண்டும். முதுகுவலியுடன் தொடையிடுக்கில் மரத்துப்போதலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தலோ இருந்தால், இங்கே செல்லாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சிகிச்சை பெரும்பாலும் மென்மையானது: தசையை அழுத்துதல், நீட்டுதல், மூட்டை மெல்ல அசைத்தல். சில வேளைகளில் மூட்டை விரைவாகத் திருப்புகையில் நெட்டி முறிவதுபோல ஓசை எழும். எலும்பு 'இடத்தில் விழுந்த' ஓசையன்று அது. மூட்டு நீரில் வாயுக் குமிழ் உண்டாவதால் எழுவதே. கழுத்தைச் சடாரென்று திருப்புவது அரிதாக இரத்தக் குழாயைக் கிழித்துப் பக்கவாதத்தில் முடியக்கூடும்; வேண்டாம் எனத் தயங்காமல் சொல்லுங்கள். (முடிதிருத்தகத்தில் இலவசமாகக் கிடைக்கும் கழுத்துத் திருப்பலுக்கும் இதுவே பொருந்தும்.)

ஓரிரு நாள் உடல்வலி இருப்பது இயல்பு. இடுப்பு வலிக்கு இம்முறை ஓரளவு பயன் தருவதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆஸ்துமா போன்றவற்றைக் குணப்படுத்துவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். இருபது அமர்வுகளுக்கு முன்பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மூன்று நான்கு அமர்வுகளில் மாற்றம் தெரியாவிடில் மருத்துவரிடம் திரும்புங்கள். மருத்துவக் காப்பீடுகள் பலவும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பொருந்துவன. ஆகவே கட்டணம் உங்கள் கையிலிருந்தே செல்லும் எனக் கருதிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.