மடியத் தவறும் புரதம், இறுகும் முதுகெலும்பு

முதுகுவலி என்றால் கொஞ்ச நேரம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்பார்கள். படுத்தால் கூடி, நடந்தால் குறையும் முதுகுவலியும் உண்டு. அது பின்னிரவில் தூக்கத்தைக் கெடுக்கும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பும் முதுகும் விறைத்துக் கிடக்கும். நாலு எட்டு நடந்த பிறகே உடல் இளகும். பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே, பலருக்கு இருபதுகளிலேயே தொடங்கும் இந்த வலிக்குக் காரணம் எலும்புத் தேய்மானம் அல்ல, அழற்சி.

‘ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்’ என்பது நோயின் பெயர். முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். சிலருக்கு நாளடைவில் முள்ளெலும்புகளுக்கு நடுவே புது எலும்பு வளர்ந்து, முதுகெலும்பே ஒற்றைத் தண்டாக இறுகிவிடும். எக்ஸ்ரேயில் கணுக்கணுவாகத் தெரிவதால் மருத்துவர்கள் இதை ‘மூங்கில் முதுகெலும்பு’ என்கிறார்கள். இந்த நோயோடு மிக நெருங்கிய தொடர்புடையது, கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்க வேண்டிய ஒரு புரதம் என்பதுதான் வியப்பு.

75 பேரில் 72 பேர்

1973-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில் டெரிக் பிரூவர்ட்டன் குழுவினர் 75 நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 72 பேரிடம் எச்எல்ஏ-பி27 என்ற புரதம் இருந்தது. ஒப்பீட்டுக்காகச் சோதிக்கப்பட்ட, நோய் இல்லாத 75 பேரில் மூவரிடம் மட்டுமே இருந்தது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் ஆய்வாளர்கள் 40 நோயாளிகளில் 35 பேரிடம் இதைக் கண்டார்கள். ஒரு மரபணுவுக்கும் ஒரு மூட்டு நோய்க்கும் இவ்வளவு இறுக்கமான உறவு அதுவரை தெரிந்ததில்லை.

ஆனால், பி27 உள்ள நூறு பேரில் ஏறத்தாழ 5 பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் நோய் வருகிறது. பி27-இலும் பல உட்பிரிவுகள் உண்டு. இத்தாலியின் சார்டினியா தீவில் காணப்படும் பி27:09 நோயோடு தொடர்பு இல்லாதது. நோயோடு தொடர்புள்ள பி27:05-க்கும் அதற்கும் இடையே ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வேறுபாடு. ஆகவே, இந்தப் புரதத்தின் வடிவத்தில் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் வலுத்தது.

மடிப்பில் என்ன கோளாறு?

எச்எல்ஏ வகைப் புரதங்களின் வேலை காட்டிக்கொடுப்பது. செல்லுக்குள் நறுக்கப்படும் புரதத் துண்டுகளை எடுத்துவந்து, செல்லின் மேற்பரப்பில் ஏந்தி நிற்கும். ரோந்து வரும் டி செல்கள் அதைப் பார்வையிடும். வைரஸின் துண்டு தென்பட்டால் அந்த செல்லையே அழித்துவிடும். பி27 இதில் கைதேர்ந்தது. எச்ஐவி தொற்றியவர்களில் பி27 உள்ளவர்களுக்கு நோய் மெதுவாகத்தான் முற்றுகிறது.

இந்தப் புரதம் உருவாக மூன்று பகுதிகள் சேர வேண்டும்: ஒரு கனச் சங்கிலி, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறு புரதம், பெரும்பாலும் 9 அமினோ அமில நீளமுள்ள ஒரு பெப்டைடு. செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலைப்பின்னலில் இவை கூடுகின்றன. பி27-இன் கனச் சங்கிலி மற்ற பல எச்எல்ஏ புரதங்களைவிட மெதுவாகவே சரியான வடிவத்துக்கு மடிகிறது. அதன் 67-ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இணை இல்லாமல் நிற்கிறது. மடிவது தாமதமானால், இரு சங்கிலிகள் தங்களுக்குள் கந்தகப் பிணைப்பு போட்டுக்கொண்டு கோணலாகச் சிக்கிக்கொள்கின்றன. பெப்டைடு அமரும் குழிகளில் ஒன்றின் அமைப்பே இந்தத் தவறான மடிப்புக்குக் காரணம் என்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் பணியாற்றிய ராபர்ட் கோல்பெர்ட் குழுவினர் 1999-ல் எழுதினார்கள்.

இப்படிச் சிக்கிய புரதங்கள் வலைப்பின்னலில் குவிந்தால் செல் நெருக்கடிக்குள்ளாகிறது. புதிய புரத உற்பத்தியைக் குறைத்து, கோணலானவற்றை அப்புறப்படுத்த முனைகிறது. அந்த நிலையில் உள்ள மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்கள் கிருமியின் சுவடு பட்டதும் இன்டர்லூக்கின்-23 என்ற சமிக்ஞையை வழக்கத்தைவிட அதிகமாகச் சுரப்பது எலிகளில் தெரியவந்தது. இன்டர்லூக்கின்-23 தூண்டுவது இன்டர்லூக்கின்-17-ஐ; அது தூண்டுவது அழற்சியை. தவறான மடிப்புக் கோட்பாட்டின் சாரம் இதுதான்.

எலிகளின் சாட்சியம்

1990-ல் டல்லாஸில் ஜோயல் டௌராக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மனித பி27 மரபணுவைப் பெரிய எலிகளுக்குள் புகுத்தினார்கள். அவற்றுக்குக் குடலிலும் மூட்டுகளிலும் அழற்சி வந்தது. 1994-ல் அதே வகை எலிகளைக் கிருமிகளே அண்டாத சூழலில் வளர்த்தபோது குடல் நோயும் வரவில்லை, மூட்டு நோயும் வரவில்லை. பி27 தனியாக நோயை உண்டாக்குவதில்லை, குடல் நுண்ணுயிர்களின் துணை வேண்டும் என்பது இதிலிருந்து புரிந்தது.

2006-ல் வந்த முடிவுதான் சிக்கலானது. எலிகளுக்குக் கூடுதலாக பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் கிடைக்கச் செய்தபோது தவறான மடிப்பு குறைந்தது; குடல் அழற்சியும் வரவில்லை. ஆனால், ஆண் எலிகளில் மூட்டழற்சியும் முதுகெலும்பு அழற்சியும் அதிகரித்தன. கோட்பாடு முழுமையாகச் சரியென்றால் அவையும் குறைந்திருக்க வேண்டும்.

எனவே வேறு விளக்கங்களும் களத்தில் இருக்கின்றன. நம் உடலின் பெப்டைடு ஒன்றை பி27 ஏந்தி நிற்க, டி செல்கள் அதைக் கிருமியின் துண்டு என்று எண்ணித் தாக்குகின்றன என்பது ஒன்று. பாக்டீரியாவின் பெப்டைடையும் நம் உடலின் பெப்டைடையும் ஒருசேர அடையாளம் காணும் டி செல் ஏற்பிகள் நோயாளிகளிடம் இருப்பதை 2022-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடும் இரட்டைச் சங்கிலிகளே நோயெதிர்ப்பு செல்களைத் தூண்டுகின்றன என்பது இன்னொன்று. பெப்டைடுகளை நறுக்கும் இஆர்ஏபி1 என்ற நொதியின் மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 2007-ல் தெரியவந்தது. நறுக்குவது மாறினால் பி27 ஏந்தும் துண்டும் மாறும், மடியும் விதமும் மாறும் என்பதால் அது எல்லாத் தரப்புக்கும் சாட்சியாகிறது.

மருந்துகள் சொன்ன பதில்

டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் இந்நோயில் நல்ல பலன் தருகின்றன. இன்டர்லூக்கின்-17-ஐத் தடுக்கும் செகுகினுமாப் 2016-ல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்றது. ஆனால், சோரியாசிஸில் வெற்றி கண்ட, இன்டர்லூக்கின்-23-ஐத் தடுக்கும் உஸ்டெகினுமாப், ரிசான்கிசுமாப் ஆகியவை முதுகெலும்பு நோயில் எடுபடவில்லை. தவறான மடிப்பிலிருந்து இன்டர்லூக்கின்-23 வழியாக முதுகுக்கு நேர்கோடு போட முடியாது என்பதை இது உணர்த்துகிறது. தவறான மடிப்பு நோயின் தொடக்கத்திலும் குடலிலும் பெரிய பங்கு வகிக்கலாம். முதுகெலும்பில் நோய் வேரூன்றிய பிறகு வேறு பாதைகள் பொறுப்பேற்கின்றன என்பதே இன்று பொருத்தமாகத் தெரியும் விளக்கம்.

நோயாளிக்கு இதனால் என்ன?

பி27 ‘பாசிட்டிவ்’ என்று வந்தாலே நோய் என்று அஞ்ச வேண்டாம். இல்லையென்றால் நோயே இல்லை என்று விட்டுவிடவும் வேண்டாம். அறிகுறிகள், பரிசோதனை, ஸ்கேன் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் அந்த முடிவைப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். எம்ஆர்ஐ ஸ்கேன் அழற்சியை முன்பே காட்டிவிடும். திடீரெனக் கண் சிவந்து வலித்து, வெளிச்சம் பட்டால் கூசுவது இந்நோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவருக்கு வரும். அதற்கு உடனே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தினசரி உடற்பயிற்சி மருந்தைப் போலவே முக்கியம்; புகைப்பழக்கத்தைக் கைவிடுவதும் அப்படியே.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, ஓய்வில் கூடி, அசைவில் குறையும் முதுகுவலி இருந்தால் வலி மாத்திரையோடு காலம் தள்ளாதீர்கள். மூட்டுவாத மருத்துவ நிபுணரைப் பாருங்கள். இறுகிவிட்ட முதுகெலும்பை மருந்தால் மீண்டும் இளக்க முடியாது.