தெருவில் விடப்பட்ட முதிய நாயைப் பராமரிக்கும் முறை

வயதானதும் கைவிடப்பட்ட நாய், களத்துமேட்டில் வந்து ஒண்டிக்கொள்வது கிராமங்களில் காணும் காட்சி. முகவாய் நரைத்தல், கண்ணில் வெண்மை படர்தல், பல் தேய்தல் ஆகியவை முதுமையின் அடையாளங்கள். ஆயினும் தக்க பராமரிப்பு கிடைத்தால் அது எஞ்சிய காலம் நலமாக வாழும். அந்நியர் வந்தால் குரல் கொடுக்கும்.

இதனை எடுத்து வளர்க்க விரும்பும் விவசாயிகள் முதலில் கருத வேண்டியது வெறிநோய். குறிகள் கண்டபின் இதற்குச் சிகிச்சை இல்லை. எச்சில் ஒழுகுதல், விழுங்க இயலாமை, தள்ளாட்டம், காரணமின்றிக் கடித்தல் ஆகியவை தென்பட்டால் நெருங்காமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்கவும். நலமாகத் தோன்றும் நாய்க்கும் தாமதமின்றித் தடுப்பூசி போட்டு, குழந்தைகளும் கறவை மாடுகளும் அணுகாதவாறு தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். ஊசி போட்ட அன்றே நோய்த்தடுப்பு வந்துவிடாது.

கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைப்பது தவறு.

பட்டினி கிடந்த நாய்க்கு ஒரே வேளையில் வயிறு நிறையப் போடலாகாது. குழைந்த சோறும் வேகவைத்த முட்டையும் சிறிது சிறிதாக 3 அல்லது 4 வேளை கொடுக்கலாம். வெந்த எலும்பு, வெங்காயம், திராட்சை ஆகாது. ஆட்டின் ஈரல், நுரையீரல் இவற்றைப் பச்சையாகப் போட்டால் நாடாப்புழு பற்றும். அதன் முட்டைகளால் மனிதரின் ஈரலில் நீர்க்கட்டி உண்டாகும். ஆகவே குடற்புழு நீக்கம் வீட்டாரின் நலனுக்கும் அவசியம்.

மாட்டுக்குரிய உண்ணி மருந்தையோ மனிதருக்குரிய வலி மாத்திரையையோ தாமாகக் கொடுக்க வேண்டாம். மூட்டு வலிக்கும் நாய்க்கு, ஈரமில்லாத இடத்தில் மடித்துப் போட்ட சாக்கே நல்ல படுக்கை.