நாளைக்கும் வாசல் இருக்கும்

1970-களில் கும்பகோணத்துப் பக்கம் எங்கள் தெரு கண்விழிப்பது வாசல் தெளிக்கிற சளக் சளக் சத்தத்தில்தான். சாணம் கரைத்த வாளி, தென்னந்துடைப்பம், கோலமாவு நிறைந்த கொட்டாங்கச்சி, மூன்றோடும் அம்மா படியிறங்குவாள். ஈரம் காய்வதற்குள் புள்ளி வைத்துவிட வேண்டும். காய்ந்த மண்ணில் மாவு பிடிக்காது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு இழையாக இறங்கும். விரலை இறுக்கினால் இழை அறுந்துபோகும், தளர்த்தினால் கொட்டிவிடும். அந்தப் பதத்தை யாரும் வாயால் சொல்லிக்கொடுத்ததில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வந்ததுதான்.

நேர்ப்புள்ளி என்றால் ஒன்றின் கீழ் ஒன்று. ஊடுபுள்ளி என்றால் இரண்டு புள்ளிக்கு நடுவில் ஒன்று. ‘ஏழுக்கு ஒன்று நேர்ப்புள்ளி’ என்று அடுத்த வீட்டுக்காரி சொன்னால் போதும், வடிவத்தில் பாதி மனக்கண்ணில் வந்துவிடும். கம்பிக் கோலத்தின் சட்டம் கடுமையானது: இழை எந்தப் புள்ளியையும் தொடக் கூடாது, எதையும் சுற்றாமல் விடவும் கூடாது, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். அதே 1970-களில் தாம்பரத்தில், சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் இந்த இழைகளுக்குக் கணினி அறிவியலில் இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த இலக்கணத்தை விரலில் வைத்திருந்த எங்கள் தெருப் பெண்களுக்கு அது தெரியாது.

முதன்முதலில் என் கையில் மாவைக் கொடுத்தபோது எனக்கு ஒன்பது வயது. மூன்றாவது வரிசையிலேயே இழை தடம் மாறிவிட்டது. அழுகை முட்டியது. அம்மா புறங்கையால் அந்த இழையைத் தேய்த்து அழித்துவிட்டுச் சொன்னாள்: “தப்பானா என்னடி? நாளைக்கும் வாசல் இருக்குமே.” பச்சரிசி மாவு என்றால் எறும்பு தின்னும், மிச்சத்தைச் சைக்கிளும் மாட்டுவண்டியும் அழிக்கும். மத்தியானத்துக்குள் நல்ல கோலமும் கோணல் கோலமும் ஒன்றுபோலக் காணாமல் போகும்.

அந்தக் காலத்தை மெச்சுகிற அவசரத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. இதை யாரும் கலை என்று சொல்லவில்லை. வேலை என்றுதான் சொன்னார்கள். மார்கழிக் குளிரில் நாலரை மணிக்கு எழுப்புவது பெண்பிள்ளைகளை மட்டும்தான். காய்ச்சல், பரீட்சை எதுவும் விலக்கு இல்லை. அண்ணன்மார் போர்வைக்குள் இருந்தார்கள். வீட்டில் திதி கொடுக்கிற நாள்தான் வாசல் வெறுமையாக இருக்கும். அன்றுதான் எங்களுக்கு ஓய்வு.

பிறகு வேலை, கல்யாணம், சென்னையில் மூன்றாவது மாடி. கதவுக்கு வெளியே நான்கு அடி டைல்ஸ். மாவு சிந்தினால் பக்கத்து வீட்டாருக்கு வழுக்கும் என்றார்கள். ஸ்டிக்கர் கோலம் ஒன்று வாங்கி ஒட்டினேன். ஐந்து நிமிஷ வேலை. முப்பது வருஷ வேலை மிச்சமானது என்றுகூடச் சந்தோஷப்பட்டேன்.

பணி ஓய்வு பெற்ற வருஷம் மகள் என்னை மண்டலா என்கிற வட்ட ஓவிய வகுப்பு ஒன்றில் சேர்த்துவிட்டாள். ஏசி அறை, நல்ல காகிதம், மெல்லிய பேனா. பத்துப் பதினைந்து பெண்கள், பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். உட்கார்ந்ததும் ஒவ்வொருவரும் சொன்ன முதல் வாக்கியம்: “எனக்கு வரையவெல்லாம் வராது.” கோலம் போட்டு வளர்ந்த கைகள் அவை! ஒரு கோடு பிசகியதும் பக்கத்தில் இருந்தவர் தாளையே கசக்கிப் போட்டார். முடித்தவர்கள் முதலில் தேடியது செல்போனை. குரூப்பில் போட வேண்டுமே.

வகுப்பைக் குறை சொல்ல வரவில்லை. வரைவது மனசுக்கு என்ன செய்கிறது என்பதை மேல்நாட்டார் தீர யோசித்திருக்கிறார்கள். காசநோய்க்காக மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோது வரைந்தே தன்னைத் தேற்றிக்கொண்ட ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில், 1942-இல் ‘கலைச் சிகிச்சை’ என்ற பெயரைத் தந்தார். உளவியலாளர் கார்ல் யுங் 1918-19 வாக்கில் தினமும் காலையில் தன் நோட்டில் ஒரு சிறு வட்ட ஓவியம் வரைந்து, அன்றைய மனநிலையை அதில் பார்த்தார். அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை 45 நிமிஷம் விருப்பம்போல ஏதாவது கலைவேலை செய்யச் சொன்னார்கள்; 2016-இல் வெளியான அந்த ஆய்வில், சுமார் முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும் கார்டிசால் ஹார்மோன் குறைந்திருந்தது. முன்அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் தெரியவில்லை.

யுங்கின் நோட்டைப் பற்றிப் படித்த அன்றுதான் அம்மாவின் நினைவு வந்தது. அம்மாவுக்கு மனசு சரியில்லாத நாளில் கோலம் சின்னதாகிவிடும். அப்பாவோடு சண்டை என்றால் நாலு இழை, அவ்வளவுதான். அண்ணனுக்கு வேலை கிடைத்த மறுநாள் தெருவின் பாதியை அடைத்துத் தேர்க் கோலம் போட்டாள். பேசாத பேச்செல்லாம் வாசலில் கிடந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள்.

அதைப் படித்த மறுநாள் விடியற்காலை கீழே இறங்கி, குடியிருப்பின் கேட் முன்னால் தண்ணீர் தெளித்தேன். ஏழுக்கு ஒன்று நேர்ப்புள்ளி. முதல் நாள் மாவு கொத்துக் கொத்தாக விழுந்தது. முழங்கால் முனகியது. மூன்றாம் நாள், நான் யோசிப்பதற்கு முன்பே விரல் வளைந்து திரும்பியது. பார்த்துக்கொண்டிருந்த காவலாளி, விழுப்புரத்துக்காரர், தயங்கிச் சொன்னார்: “அம்மா, ஓரத்துல ஒரு புள்ளி விட்டுப்போச்சு.” அக்கா போடுவதைப் பார்த்தே வளர்ந்தவராம், ஆம்பளைப் பிள்ளை என்று மாவைத் தொட விட்டதில்லையாம். இப்போது வாரத்தில் இரண்டு நாள் புள்ளி அவருடையது, இழை என்னுடையது.

அன்று எங்களுக்கு விருப்பம் என்று ஒன்று இல்லை. ஆனால் தினமும் தப்பு செய்ய ஓர் இடம் இருந்தது. இன்று விருப்பம் இருக்கிறது, வசதி இருக்கிறது. தப்பு செய்கிற இடத்தைத்தான் தொலைத்துவிட்டோம். வரைவதெல்லாம் நிலைத்திருக்க வேண்டும், பிறர் பார்க்க வேண்டும் என்று ஆனதிலிருந்து கைக்குப் பயம் வந்துவிட்டது. கற்பனை வற்றிவிட்டது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் பயத்தைத்தான்.

ஆணோ பெண்ணோ, “எனக்கு வராது” என்பவர்கள் நாளைக் காலை ஊடுபுள்ளியில் ஐந்துக்கு மூன்று வைத்துப் பாருங்கள். மொத்தம் பத்தொன்பது புள்ளிதான். மாவு இல்லையென்றால் சுண்ணாம்புக் கட்டி, வாசல் இல்லையென்றால் மொட்டை மாடி. போட்டோ மட்டும் எடுக்காதீர்கள்.